சமையல்கட்டில் ஒரு சந்தேக நபர்

ஒரு நாட்டின் ரகசியப் போலீஸ் ஒரு மனிதரை மாதக்கணக்கில், ஊர் ஊராக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்தொடர்கிறது. மாஸ்கோவிலிருந்து மேலிடத்துக்குப் போன அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? ஆள் நன்றாகப் பேசுகிறார். கொஞ்சம் தற்பெருமை உண்டு. சமையலறைக்குள் புகுந்து தானே சமைப்பதில் அவருக்குப் பெரிய ஆசை, அதில் கைதேர்ந்தவர் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

அவ்வளவுதான். இதற்கு ஒரு ஜெண்டார்ம் (அரசியல் போலீஸ்) அதிகாரி, ஒரு கோப்பு, ஒரு முத்திரை.

அந்தச் சந்தேக நபர் அலெக்சாண்டர் டூமா. மூன்று மஸ்கடியர்கள், மான்டி கிறிஸ்டோ எழுதிய அதே டூமா. சின்ன வயதில் அட்டை கிழிந்த சுருக்கப் பதிப்பில் அவரைப் படித்தவன் நான், முழுப் பதிப்பு ஆயிரம் பக்கத்துக்கு மேல் என்று தெரியவந்தபோது ஏமாற்றப்பட்டதுபோல ஒரு கோபம் வந்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் 1858ல் ரஷ்யாவுக்குப் போய் ஒன்பது மாதம் சுற்றினார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். ஒரு ராத்திரி வேறு எதையோ தேடப்போய் இதில் விழுந்தேன், நாலு நாளாக இதே வேலையாக இருக்கிறேன், அதனால் எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்தப் போலீஸைப் பற்றிக் கொஞ்சம். 1825 டிசம்பரில் அன்றைய ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கின் செனட் சதுக்கத்தில் ராணுவ அதிகாரிகள் ஒரு கிளர்ச்சி செய்தார்கள், அவர்களைத்தான் டிசம்பரிஸ்டுகள் என்கிறோம். புதிதாகப் பட்டத்துக்கு வந்த முதலாம் நிக்கலாய் பீரங்கி வைத்து அடக்கினார். ஐந்து பேருக்குத் தூக்கு, நூறு பேருக்கு மேல் சைபீரியா. அடுத்த வருஷமே, 1826 ஜூலையில், அவர் ஒரு அலுவலகத்தைத் திறந்தார். பேர் கேட்டால் ஏதோ கணக்குப் பிரிவு மாதிரி இருக்கும்: பேரரசரின் சொந்தச் செயலகத்தின் மூன்றாம் பிரிவு. இதற்குக் கீழே வெளிர் நீலச் சீருடை போட்ட ஜெண்டார்ம் படை. முதல் தலைவர் பெங்கென்டார்ஃப், எங்களுக்கு என்ன உத்தரவு என்று கேட்டாராம், நிக்கலாய் ஒரு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, இதனால் மக்களின் கண்ணீரைத் துடை என்றாராம். இது ஒரு கதைதான். ஆனால் ரஷ்யர்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள் என்பது நிஜம். பின்னாளில் அந்த அலுவலகம் ஃபன்டாங்கா ஆற்றங்கரையில், சங்கிலிப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பேருக்கும் வேலைக்கும் பொருத்தம் பாருங்கள்.

சரி, டூமா மேல் இவர்களுக்கு என்ன கடுப்பு?

அதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. டூமாவுக்குப் பதக்கப் பைத்தியம் உண்டு. எந்த நாட்டு அரசர் கொடுத்தாலும் நெஞ்சில் குத்திக்கொள்வார். 1839ல் தன் நாடகம் ஒன்றின் கையெழுத்துப் பிரதியை அழகாகத் தயார் செய்து ஜார் நிக்கலாய்க்கு அனுப்பினார். எதிர்பார்த்தது செயின்ட் ஸ்டானிஸ்லாவ் பதக்கம், கல்வி அமைச்சர் உவாரோவும் கொடுக்கலாம் என்றுதான் சிபாரிசு செய்தார். நிக்கலாய் அந்தச் சிபாரிசுக் காகிதத்தில், பெயர் பொறித்த ஒரு மோதிரம் போதும் என்று எழுதி முடித்துவிட்டார். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள், இவருக்கு மோதிரத்தாலேயே குட்டு.

அதற்கு அடுத்த வருஷம், 1840ல், டூமா ஒரு நாவல் எழுதினார். கிரிசியே என்ற ஒரு வாள்பயிற்சி ஆசிரியர் கொஞ்சகாலம் ரஷ்யாவில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பாரிஸ் திரும்பியிருந்தார், அவர் சொல்வதுபோல எழுதப்பட்ட கதை. அதனால் பேரே 'வாள்பயிற்சி ஆசிரியர்'தான். கதை என்னவென்றால், ரஷ்யப் பிரபுவைக் காதலிக்கும் ஒரு பிரெஞ்சுத் தையல்கடைப் பெண், அந்தப் பிரபு டிசம்பர் கிளர்ச்சியில் மாட்டி சைபீரியா போகிறான், அவள் பின்னாலேயே போகிறாள். இது அப்படியே நடந்த விஷயம். அந்தப் பிரபு இவான் அன்னென்கோவ், அந்தப் பெண் போலீன் கெப்ல். பேரை மட்டும் மாற்றினார், மற்றதை எல்லாம் தன் இஷ்டத்துக்கு மசாலா போட்டு எழுதிவிட்டார். இருவரும் அப்போது சைபீரியாவில் உயிரோடு இருக்கிறார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நிக்கலாய் உடனே தடை போட்டார். தடை என்றால் எப்படிப்பட்ட தடை, ரஷ்ய மொழியில் அந்த நாவல் அச்சில் வரவே 1925 ஆகிவிட்டது. இதைப் பற்றி டூமா ஒரு கதை சொல்கிறார். பேரரசி அந்தரங்க அறையில் ஒரு தோழியை விட்டு ஏதோ புத்தகம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஜார் வரும் காலடிச் சத்தம், புத்தகம் மெத்தைக்கு அடியில் போய்விட்டது. ஜார் முகத்தைப் பார்த்தார், என்ன படித்தீர்கள் என்று நான் சொல்லட்டுமா, டூமாவின் வாள்பயிற்சி ஆசிரியர்தானே என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, கடைசியாக நான் தடை செய்த புத்தகம் அதுதானே என்றாராம். ஒரு இளவரசி தனக்குச் சொன்னதாக டூமா எழுதுகிறார். டூமா எழுதியது என்பதால் பாதி தள்ளுபடி செய்துதான் வாங்க வேண்டும். இருந்தாலும் நல்ல கதை.

ரஷ்யா போன பிரெஞ்சுக்காரர்களில் இவர் மட்டும்தான் இப்படிப் பாடுபட்டார் என்றும் இல்லை. 1839ல் மார்க்கி த குஸ்தீன் என்ற பிரபு போனார். அவர் அப்பாவும் தாத்தாவும் பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினில் தலை போனவர்கள், அதனால் முடியாட்சிக்கு ஆதரவாக நாலு நல்ல விஷயம் பார்த்து வரலாம் என்று போனவர், திரும்பி வந்து 1843ல் ரஷ்யாவைக் கிழித்துத் தோரணம் கட்டி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அந்த வருஷமே நாவலாசிரியர் பால்சாக் தன் காதலி ஹான்ஸ்கா சீமாட்டியைப் பார்க்கப் பீட்டர்ஸ்பர்க் கிளம்பினார். பாரிஸில் இருந்த ரஷ்யத் தூதரக அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார்: இந்த ஆளுக்கு எப்போதும் பணமுடை, குஸ்தீனுக்குப் பதில் எழுத இவரைப் பயன்படுத்திக்கொள்ளலாமே. பால்சாக் அப்படி எதுவும் எழுதவில்லை, அது வேறு. ஆனால் எழுத்தாளர் என்றாலே ஒன்று விலைக்கு வாங்க வேண்டும் இல்லை ஆள் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் அங்கே அலுவலக நடைமுறை.

1855ல் நிக்கலாய் செத்தார். 1856ல் பிரான்ஸும் பிரிட்டனும் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போர் முடிந்தது. மகன் இரண்டாம் அலெக்சாந்தர் கொஞ்சம் ஜன்னலைத் திறந்துவிட்டார், பண்ணையடிமை முறையை ஒழிப்பது பற்றிக் குழுக்கள் போட்டுப் பேச ஆரம்பித்திருந்தார்கள். இப்போது போகலாம் என்று டூமாவுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அந்த நேரத்தில் பாரிஸில் ஒரு ஹோட்டலில் கவுண்ட் குஷெலேவ் பெஸ்பரோத்கோ என்ற ரஷ்யப் பணக்காரர் பரிவாரத்தோடு தங்கியிருந்தார். நாய், வைத்தியர், உறவுக்காரர்கள், கூடவே ஆவிகளோடு பேசும் டேனியல் ஹோம் என்ற ஸ்காட்லாந்து ஆசாமி. ஹோமுக்கு கவுண்டின் மனைவியின் தங்கையோடு பீட்டர்ஸ்பர்க்கில் கல்யாணம். நீங்கள் மாப்பிள்ளைத் தோழனாக வரவேண்டும் என்றார்கள், டூமா வந்துவிட்டார். 1858 ஜூன் நடுவில் கிளம்பி ரயிலில் ஜெர்மனி தாண்டி, ஸ்டெட்டினில் கப்பல் ஏறி, பீட்டர்ஸ்பர்க்.

நேவா ஆற்றங்கரையில் குஷெலேவின் மாளிகை. வேலிக்குப் பதிலாக வரிசையாக 29 சிங்கங்கள், ஒவ்வொன்றும் வாயில் சங்கிலியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இன்றைக்கும் இருக்கின்றன. டூமா போனது வெள்ளை இரவுக் காலம். முதல் நாள் ராத்திரி தூங்காமல் வெளியில் நின்று, இருட்டாத வானத்தையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் எழுதும் இடம், அவர் பயண எழுத்திலேயே எனக்குப் பிடித்த பக்கங்களில் ஒன்று. வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் திடீரென்று சும்மா இருக்கிறார்.

ஜூலை மாதம் மூன்றாம் பிரிவின் தலைவர் வசீலி தல்கருக்கோவ் உத்தரவு போட்டார்: டூமா மீது ரகசியக் கண்காணிப்பு வைக்க வேண்டும், பார்த்ததை எனக்கு எழுத வேண்டும். இந்தத் தல்கருக்கோவ் அதற்கு முன்னால் போர் அமைச்சர். கிரிமியாவில் இதே பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்ற கணக்கு அவர் தலையில்தான் இருந்தது. ரெண்டு வருஷத்துக்குள் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினால் எப்படி இருக்கும்!

ஆடினார்கள், நிஜமாகவே. லண்டனில் நாடுகடந்து இருந்த ரஷ்ய எழுத்தாளர் ஹெர்சன் தன் 'கோலகோல்' பத்திரிகையில் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நம் பிரபுக்குலம் டூமாவின் காலில் விழுந்து கிடக்கிறது, அந்தச் சுருட்டை முடி மகானைப் பார்க்கத் தோட்டத்து வேலி இடுக்கில் கண் வைக்கிறது என்று. வேலி இடுக்கில் கண் வைத்தவர்கள் ரெண்டு வகை, ஒரு வகைக்குச் சம்பளம் உண்டு என்பதை ஹெர்சனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவரே அந்த அலுவலகத்தால் உள்நாட்டு நாடுகடத்தல் எல்லாம் அனுபவித்தவர்.

எழுத்தாளர்கள் வட்டத்திலும் டூமா புகுந்தார். கிரிகரோவிச் என்ற எழுத்தாளர், அம்மா பிரெஞ்சுக்காரி என்பதால் அருமையாகப் பிரெஞ்சு பேசுவார், டூமாவைக் கூட்டிக்கொண்டு கவிஞர் நெக்ராசோவும் பனாயெவ் தம்பதியும் கோடைக்குத் தங்கியிருந்த டாச்சாவுக்கு, அதாவது ஊருக்கு வெளியே இருந்த கோடை வீட்டுக்கு, போனார். அந்த வீட்டு அம்மா அவ்தோத்யா பனாயெவா தன் நினைவுக்குறிப்பில் டூமாவை விட்டு விளாசியிருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார், தயிரில் ஆரம்பித்து எது வைத்தாலும் சாப்பிடுகிறார், சாப்பாட்டைப் புகழ்கிறார், திரும்பவும் வருகிறார். இவருக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்து ஒரு நாள் அந்த அம்மா ஒரு விருந்து போட்டார் பாருங்கள். முட்டைக்கோஸ் சூப், மாவுக்குள் மீனும் தானியமும் அடைத்துச் சுட்ட கனத்த பலகாரம், முள்ளங்கிக் காரத்தோடு பன்றிக்குட்டி, பொரித்த காளான், உப்பில் போட்ட வெள்ளரிக்காய், கடைசியில் ஜாம் வைத்த இனிப்பு அடுக்கு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தி வேறு வைத்திருக்கிறார். டூமா ஒரு கட்டு கட்டினார். கூட வந்தவரும்தான். தாகம் எடுத்து ரெண்டு பேரும் பனிக்கட்டித் தண்ணீரை மடமடவென்று குடித்தார்கள். இத்தோடு ஒழிந்தார், காலரா சேதிதான் வரும் என்று பனாயெவா காத்திருந்தார். மூன்றாம் நாள் டூமா முகம் மலரத் திரும்ப வந்து நின்றார். விஷக்காளானைக் கொடுத்தாலும் இந்த வயிறு ஜீரணித்துவிடும் என்று எழுதியிருக்கிறார் அந்த அம்மா.

பனாயெவா எழுதியதையும் அப்படியே நம்பத் தேவையில்லை. டூமா பாரிஸ் போய் நெக்ராசோவைப் பற்றி ஊரில் கேட்ட வம்பை எல்லாம் அச்சில் போட்டுவிட்டார், அந்தக் கோபம் நினைவுக்குறிப்பில் நன்றாகவே தெரிகிறது. ஆனால் இந்த விருந்தைப் படித்த பிறகு அந்தப் போலீஸ் அறிக்கைகளைப் படித்தால் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சமையல்கட்டில் புகுந்து சமைக்கிறார் என்பது ஜெண்டார்முக்கு எப்படித் தெரியும்? தெருமுனையில் தொப்பியை இறக்கிவிட்டு நிற்கிறவனுக்கு அது தெரியாது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும், இல்லை அப்படி உட்கார்ந்தவரோடு மறுநாள் சீட்டாடியவருக்குத் தெரியும். அறிக்கையிலும் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், பழகியவர்கள் சொல்கிறார்கள் என்றுதான் வருகிறது. வெளிர் நீலச் சீருடை அதிகாரிகளும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்தான், அதே வரவேற்பறைகளில் அதே ஷாம்பெயினைக் குடித்தவர்கள்தான். பிரெஞ்சு பேசத் தெரியாமல் அந்த அறைகளில் நுழையவே முடியாது. ஆக, உபசாரமும் உளவும் ஒரே மேஜையில் நடந்தது. எவ்வளவு விருந்தோ அவ்வளவு தகவல். யாரும் தன்னைக் காட்டிக்கொடுப்பவனாக நினைத்திருக்க மாட்டார்கள், நேற்று டூமா என்ன ஒரு வேடிக்கை செய்தார் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள், கேட்டவர் வீட்டுக்குப் போய் எழுதியிருப்பார்.

இது எனக்கு ஒளிந்து நிற்கும் ஒற்றர்கள், பூதக்கண்ணாடிகள் எல்லாவற்றையும்விட பயமாக இருக்கிறது, சொல்லப்போனால்.

மாஸ்கோவில் அவர் தங்கியது பெத்ரோவ்ஸ்கி பூங்கா பக்கம், நரீஷ்கின் என்ற பெரிய குடும்பத்துக்காரர் வீட்டில். அந்த வீட்டை நடத்தியது ஜெனி ஃபால்கோன், பாரிஸ் நடிகை, டூமாவுக்குப் பழைய தோழி. அங்கே தோட்டம் ஒன்றில் மான்டி கிறிஸ்டோ பேரிலேயே ஒரு இரவு விழா எடுத்தார்கள், விளக்கு அலங்காரம், அவர் பேரின் முதலெழுத்துக்கள், மாலை சூட்டிய படம். அதுவும் அறிக்கையில் ஏறியது. நெப்போலியன் படையும் ரஷ்யப் படையும் மோதிய பொரதினோ போர்க்களத்தையும் அவர் போய்ப் பார்த்தார், அது வேறு ஒரு பதிவுக்கான விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். டூமாவின் பாட்டி மரி செசெத், இன்றைய ஹெய்ட்டியில் அடிமையாக இருந்தவள். டூமா என்ற பேரே அந்தப் பாட்டி வழி வந்தது. அந்தப் பாட்டியின் பேரன், ஆயிரக்கணக்கான பண்ணையடிமைகளைச் சொத்துக் கணக்கில் வைத்திருக்கும் பிரபுக்கள் வீட்டில் மாதக்கணக்கில் விருந்தாளி. அவர் அதைக் கவனிக்காமல் இல்லை. பாரிஸுக்கு அனுப்பிய எழுத்தில் பண்ணையடிமை முறை பற்றியே கடிதங்களாக எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்கக் கொள்ளுத்தாத்தா கொண்ட ரஷ்யக் கவி புஷ்கினைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துமிருக்கிறார். ஆனால் விருந்து மேஜையில் அதைப் பேசி யார் முகத்தையும் சுளிக்க வைத்ததாகத் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிற ரகம். இதைக் குறையாகச் சொல்வதா சாமர்த்தியமாகச் சொல்வதா என்று எனக்கே தீர்மானம் இல்லை.

இலையுதிர் காலத்தில் வோல்கா வழியாகக் கிளம்பி நிஷ்னி நோவ்கரத் வந்தார். ஊரில் பெரிய வருடாந்திரச் சந்தை. கவர்னர் பேர் அலெக்சாந்தர் முராவியோவ். இந்த முராவியோவ் யார் என்றால், 1816ல் டிசம்பரிஸ்டுகளின் முதல் ரகசியச் சங்கத்தைத் தொடங்கிய ஆட்களில் ஒருவர். சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு, பிரபு அந்தஸ்து மட்டும் பறிபோகாமல் தப்பித்து, அரசாங்க வேலையில் படிப்படியாக ஏறி, இப்போது கவர்னர். வாழ்க்கை சிலருக்கு இப்படியும் ஒரு சுற்று சுற்றிவிடும்.

கவர்னர் வீட்டில் மாலைத் தேநீர். டூமா உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கதவருகில் பணியாள் இருவர் பேரை அறிவிக்கிறான். அன்னென்கோவ் தம்பதி. டூமாவுக்கு அந்தப் பேர் எங்கேயோ இடிக்கிறது, சட்டென்று பிடிபடவில்லை. முராவியோவ் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய், இவர் அலெக்சாண்டர் டூமா, இவர்கள் உங்கள் வாள்பயிற்சி ஆசிரியர் நாவலின் நாயகனும் நாயகியும் என்று அறிமுகம் செய்து வைக்கிறார். கவர்னர் இதற்காகவே காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. டூமா வாய்விட்டுக் கத்தியேவிட்டார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பார்த்தே இராத ரெண்டு பேரை வைத்து எழுதிய கதை, எழுந்து வந்து தேநீர் குடிக்கிறது.

போலீனுக்கு அப்போது வயது 58. கையில் ஒரு காப்பு, அதில் ஒரு சிலுவை தொங்குகிறது. ரெண்டும் இரும்பு. அவள் கணவன் காலில் கிடந்த விலங்கின் இரும்பு. நிக்கலாய் பெஸ்தூஷெவ் என்ற சக கைதி சைபீரியாவில் அதை அடித்துச் செய்து, சாகும்வரை கழலாதபடி அவள் மணிக்கட்டில் ஆணி அடித்து மூட்டியது. டூமாவிடம் அதைக் காட்டினாள். எல்லாப் பதக்கத்துக்கும் ஆசைப்பட்ட மனிதர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

அதற்கு அப்புறம் பயணம் வேகமாக ஓடுகிறது. கசானில் அவர் உடையைப் பார்த்துப் பலர் கோமாளி என்றே நினைத்தார்கள், ஆள் நேரில் அவர் எழுத்தளவுக்கு இல்லை என்று அங்கிருந்து ஒரு அறிக்கை. அஸ்த்ரகானிலிருந்து போனது மட்டும் கொஞ்சம் உஷார்: அமைதியாகத்தான் நடந்துகொண்டார், ஆனால் மக்கள் மனநிலை எப்படி, அரசுத் திருச்சபையை ஏற்காத பழைய சமய நம்பிக்கைக்காரர்கள் எப்படி என்று சாமர்த்தியமாக விசாரிக்கிறார் என்று. அந்த அதிகாரி ஒருவர்தான் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே கல்மீக் இனத்து இளவரசர் தியூமென் மூக்கோடு மூக்கு உரசி வரவேற்று, குதிரை இறைச்சி போட்டு, ராஜாளி வேட்டையும் ஒட்டகப் பந்தயமும் நடத்தினார். காகசஸில் ரஷ்ய உள்ளூர்ப்படைச் சீருடையை மாட்டிக்கொண்டு, மேலே ஒரு ஸ்பானியப் பதக்கத்தையும் குத்திக்கொண்டு போனதில், வழிநெடுக அவரைப் பிரெஞ்சு ஜெனரல் என்று நினைத்து முதலில் குதிரை கொடுத்தார்கள். அவர் மறுக்கவில்லை. அப்பா உண்மையிலேயே ஜெனரல், மகன் கடைசியில் ஆசையைத் தீர்த்துக்கொண்டார். 1859 மார்ச்சில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்.

ரஷ்யா பற்றி அவர் எழுதியதில் ஒரு இடம். ரஷ்யா ஒரு மாபெரும் முகப்பு, பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை, பின்னால் போய்ப் பார்க்க முயல்கிறவன் கண்ணாடியை முதல்முறை பார்த்த பூனை மாதிரி, உள்ளே இருக்கிற பூனையைத் தேடி அந்தப் பக்கம் போகிறது. இதை எழுதிய ஆளைத்தான் மாதக்கணக்கில் பார்த்துவிட்டு நன்றாகச் சமைப்பார் என்று கோப்பை மூடினார்கள்.

ஆனால் நாலு நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருப்பது டூமா இல்லை, போலீன்தான். ரஷ்ய அரசின் கண்காணிப்பில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் என்று சொன்னால் உண்மையில் அது அவள். மாஸ்கோவில் ஒரு பிரெஞ்சுக் கடையில் வேலை பார்த்தவள். காதலன் கைதானதும் 1827ல் வியாஸ்மா ஊரில் ராணுவப் பயிற்சி பார்க்க வந்த ஜாரின் முன்னால் போய் மனுக் கொடுத்தாள், சைபீரியா போக அனுமதி வாங்கினாள். 1828 ஏப்ரலில் சித்தா என்ற ஊர் தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளையையும் தோழர்கள் இருவரையும் விலங்கோடு கூட்டி வந்தார்கள், கோயிலுக்குள் கழற்றினார்கள், சடங்கு முடிந்ததும் திரும்ப மாட்டி அழைத்துப்போனார்கள். கைதிகள் கடிதம் எழுதக்கூடாது என்பதால் அங்கே இருந்த மனைவிமார்தான் எல்லோர் வீட்டுக்கும் எழுதினார்கள். ஒவ்வொரு கடிதமும் முதலில் சிறைத் தளபதி மேஜைக்கு, அப்புறம் பீட்டர்ஸ்பர்க்கில் அதே மூன்றாம் பிரிவுக்கு. இப்படி ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, 1856ல் பொதுமன்னிப்பு வரும்வரை சைபீரியாவில் ஊர் ஊராக. டூமாவுக்கு விருந்தோடு வந்த அதே அலுவலகம் இவளுக்கு விருந்து எதுவும் போடவில்லை.

அந்த நாவல் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதில் உண்மையைவிடக் கற்பனைதான் அதிகம் என்று அவள் சொன்னாள். 1861ல், டூமா வந்துபோன மூன்று வருஷம் கழித்து, மகள் ஓல்காவை உட்கார வைத்து, தன் கதையைத் தானே பிரெஞ்சில் சொல்லச் சொல்ல எழுதவைத்தாள். சைபீரியாவில் இத்தனை வருஷம் இருந்தும் எழுதிக்கொள்ளும் அளவுக்கு அவளுக்கு ரஷ்ய மொழி வரவில்லை. 1876ல் இறந்தாள். அவள் சொன்னது 'ரூஸ்கயா ஸ்தாரினா' பத்திரிகையில் வந்தது 1888ல், மகளின் ரஷ்ய மொழிபெயர்ப்பில். நேற்று ராத்திரி அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன், இருபது பக்கம் ஆகியிருக்கிறது, இன்னும் அவள் மாஸ்கோவே வந்து சேரவில்லை.